மிக்சிங் செய்யும் காது மரத்துப்போகாமல் இருக்க

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீட்டு அறையிலேயே ஸ்ரூடியோ வைத்து மிக்சிங், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒரு பாட்டாகச் சேர்க்கும் வேலை செய்யும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஒரு லப்டொப், ஒரு சோடி ஸ்பீக்கர், ஒரு மைக், இவற்றை லப்டொப்போடு இணைக்கும் ஒரு ஒடியோ இன்டர்ஃபேஸ். வேலைக்கும் குறைவில்லை. கோயில் இறுவட்டு, காணொளிப் பாடல், குறும்படம், பாடசாலைக் கீதம், நத்தார் கரோல், ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வட்ஸ்அப்பில் வந்து விழும் ராப் பாட்டு. முதல் ஆறு மாதம் எல்லாமே புதிதாக இருக்கும். அப்புறம் ஒரு நாள், எந்தப் பாட்டைத் திறந்தாலும் கை தானாக ஒரே இடத்துக்குப் போவதைக் கவனிப்பீர்கள். தொனிகளைக் கூட்டிக் குறைக்க அதே ஈக்யூ, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்க அதே கொம்பிரசர், ஓர் இடத்தின் எதிரொலியைச் சேர்க்க அதே ரிவேர்ப். பாட்டு முடிந்திருக்கும், ஆனால் அதைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கற்பனை வற்றிப்போச்சு என்று பலர் இதைச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை முதலில் மரத்துப்போவது காது. ஒரு பாட்டை ஒன்றுமே தெரியாமல் கேட்கும் வாய்ப்பு ஒரேயொரு முறைதான் கிடைக்கும். ஐம்பதாவது தடவை கேட்கும்போது பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்பது காதில் விழாது, ஸ்னேர் ட்ரம் கொஞ்சம் குறைவோ என்பதுதான் விழும். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்கப்போகிற சனம் எல்லாம் முதல் தடவையாகத்தான் கேட்கப்போகிறது. கீழே நான் சொல்லும் படிகள் எல்லாம் அந்த முதல் கேட்பை வீணாக்காமல் இருக்கவும், வீணாகிப்போனால் கொஞ்சத்தையாவது திரும்பப் பிடிக்கவும்தான்.

படி 1: முதல் தடவை தொடாமல் கேளுங்கள்

பாட்டுக்காரர் அனுப்பும் கோப்புகளோடு அவர்களே மேலோட்டமாகச் சேர்த்து வைத்த றஃப் மிக்ஸ் ஒன்றும் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதை முழுதாக, நிறுத்தாமல், திரையைப் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள். நான் அறையின் மற்றப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றுதான் கேட்பேன். கதிரையில் இருந்தால் கை மவுசுக்குப் போய்விடும்.

முடிந்தவுடன் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொழில் வார்த்தை வேண்டாம். "இரண்டாம் சரணத்தில் மனம் வெளியே போகிறது." "அக்காவின் குரல் கிணற்றுக்குள் இருக்கிறது, கிட்ட வர வேண்டும்." "குழல் தொடங்கும் இடத்தில் மயிர் கூச்செறிந்தது, அதைக் கெடுக்கக் கூடாது." ஐந்தாறு வரி போதும். திகதியும் போடுங்கள். மூன்று நாள் கழித்து, எது சரி எது பிழை என்று ஒன்றும் விளங்காமல் நிற்கும்போது வழி சொல்லப்போவது அந்தப் பக்கம்தான். எனக்கு இப்படி எழுதிய கொப்பிகளே ஐந்து இருக்கின்றன. என்னிடம் இருக்கும் எந்த மென்பொருளையும் விட அவை பெறுமதியானவை என்று மனதார நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் துப்புரவு. ட்ராக்குகளுக்கு, அதாவது தனித்தனிப் பதிவுகளுக்கு, பெயர் வைப்பது, நாய் குரைத்ததையும் மோட்டார் சைக்கிள் போனதையும் வெட்டுவது. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் எர்த் சரியில்லாத வீட்டில் பதிவு செய்தவற்றில் 50, 100, 150 ஹேர்ட்ஸில் ஒரு முனகல் கிடக்கும். அதையும் எடுத்துவிடுங்கள். இந்த வேலை முடிந்த கையோடு மிக்ஸ் தொடங்க வேண்டாம். ஒரே வரியை நாற்பது தடவை தனியாகக் கேட்டுத் துடைத்த காது அன்றைக்கு எந்த முடிவுக்கும் உதவாது. பின்னேரம் துப்புரவு, அடுத்த நாள் விடிய மிக்ஸ். வன்னி வெக்கையில் விடியற்காலைதான் அறையும் குளிர்ந்திருக்கும், ஊரும் அடங்கியிருக்கும்.

படி 2: சத்த அளவுக்கு ஒரு பொட்டு வையுங்கள்

1933 இல் பிளெட்சரும் மன்சனும் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதக் காதை அளந்து ஒன்றைக் காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனியும் மிக உச்சத் தொனியும் நமக்குக் குறைவாகக் கேட்கும். வொல்யூமைக் கூட்டக் கூட்ட அவை நிரம்பி வரும். காலையில் ஒரு அளவிலும் மத்தியானம் இன்னொரு அளவிலும் கேட்டு எடுத்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போவது இதனால்தான். சத்தமாக வைத்தால் எந்த மிக்ஸும் நன்றாகவே இருக்கும், காது நம்மை ஏமாற்றிவிடும்.

போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, நீங்கள் இருக்கும் இடத்தில் 70 முதல் 75 டெசிபெல் வரும்படி ஸ்பீக்கரை வையுங்கள். சின்ன அறைக்கு அது தாராளம். அந்த இடத்தில் திருகிக்கு ஓர் அடையாளம் போடுங்கள். என் இன்டர்ஃபேசில் தங்கச்சியின் ஒட்டுப்பொட்டு ஒன்று இருக்கிறது. மெரூன் நிறம், வியர்வை பட்டு விளிம்பு வெளுத்துவிட்டது. வேலையில் முக்கால்வாசி நேரம் திருகி அந்தப் பொட்டிலேயே நிற்கும். பேஸை ஒருமுறை சரிபார்க்கக் கொஞ்ச நேரம் கூட்டுவேன், குரலின் சொற்கள் விளங்குகின்றனவா என்று பார்க்க நன்றாகக் குறைப்பேன், பிறகு பொட்டுக்கே வந்துவிடுவேன்.

காதுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கணக்கு உண்டு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை, 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். எங்களில் பலர் மிக்சிங்கோடு திருவிழாக்களுக்கு சவுண்ட் போடவும் போகிறோம். பெரிய பொக்ஸுகளுக்குப் பக்கத்தில் ஒரு இரவு நின்றால் இந்தக் கணக்கு எப்போதோ முடிந்திருக்கும். காதடைப்பான் போட்டுக்கொண்டு நில்லுங்கள், அடுத்த நாள் மிக்ஸ் வேலை வைக்காதீர்கள். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புவரை மோட்டார் சைக்கிளில் காற்று இரைய ஓடி வந்த உடனும் அப்படித்தான். ஒரு மணி நேரம் பொறுத்துத் தொடங்குங்கள்.

முக்கால் மணி நேரம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு. ஓய்வில் போனில் காணொளி பார்க்க வேண்டாம், அதுவும் காதுக்கு வேலைதான். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, ஃபான். அது ஓடும் இரைச்சல் ரிவேர்ப்பின் வாலை, அதாவது அடங்கிப்போகும் கடைசிப் பகுதியை, மறைத்துவிடும். வால் கேட்கவில்லை என்று நீங்கள் கூட்டிக்கொண்டே போவீர்கள். ரிவேர்ப் அளவை முடிவு செய்யும்போது மட்டும் இரண்டு நிமிடம் ஃபானை நிறுத்துங்கள்.

படி 3: ரெம்பிளேட்டில் சத்தத்தைச் சேமிக்காதீர்கள்

எந்தப் பாட்டையும் உடனே தொடங்கத் தயாராக அமைத்து வைத்திருக்கும் கோப்புத்தான் ரெம்பிளேட். அது இல்லாமல் பிழைக்க முடியாது. கோயில் வேலை கூடும் வைகாசியிலிருந்து ஆவணிவரை ஒரு கிழமைக்குள் ஆறு பாட்டுக் கேட்பார்கள். ஆனால் அதற்குள் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் முள்ளியவளைப் பக்கத்துச் சின்னக் கோயில் ஒன்றுக்கு ஐந்து பாட்டு மிக்ஸ் செய்தேன். நாதஸ்வரம், தவில், இரண்டு குரல், கீபோர்ட். அதற்கு முந்தின வருடம் வேறொரு கோயிலுக்குச் செய்த வேலையையே ரெம்பிளேட்டாகத் திறந்து, புது ட்ராக்குகளை உள்ளே போட்டேன். நாதஸ்வரத்துக்குப் பெரிய மண்டப ரிவேர்ப் ஏற்கெனவே அங்கே இருந்தது. இரண்டு நாளில் முடித்து அனுப்பிவிட்டேன். கோயில் தலைவர் ஐயா கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட கோயில் மாதிரி இல்லை. போன வருசம் மற்றக் கோயிலுக்குச் செய்த பாட்டு மாதிரியெல்லோ கிடக்கு."

அவர் சொன்னது சரி. அடுத்த வெள்ளி பின்னேரப் பூசைக்கு அங்கே போய் நின்றேன். கல்மண்டபம் ஒன்றும் கிடையாது, தகரக் கொட்டகை, சுற்றிவர வெளி. நாதஸ்வரக்காரர் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஊதினார். அந்தச் சத்தத்துக்கு வால் இல்லை. வறண்டு, கிட்ட நின்று பேசுகிற மாதிரி இருந்தது, கொஞ்சம் பொறுத்து மதிலில் பட்டு ஒரே ஒரு தடவை திரும்பி வந்தது. தவிலின் தொப்பியில் தடி விழும் சத்தத்தை மணல் நிலம் வாங்கிக்கொண்டது. வலந்தலையில் விரல்கூடு படும் சத்தம் மட்டும் தகரத்தில் தெறித்தது. மணி எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அந்தக் கோயிலுக்கு இல்லாத மண்டபம் ஒன்றை நான் பாட்டுக்குள் கட்டிவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ரிவேர்ப்பை முழுதாக எடுத்தேன். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நான் நின்ற இடத்திலிருந்து மதில் இருபது மீற்றர் இருக்கும், சத்தம் போய்வர நாற்பது. எங்கள் வெக்கையில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும். ஆக 115 மில்லிசெக்கனில் ஒரே ஒரு டிலே, அதாவது பிந்தி வரும் ஒரு திரும்பல், உச்சத் தொனி மழுங்கியபடி. வலந்தலைக்கு மட்டும் மிகச் சின்ன அறை ரிவேர்ப். மணியை ஒரு ஓரமாகப் பின்னுக்குத் தள்ளினேன். ஐயா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து பாட்டையும் திரும்ப ஒருமுறை போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் ரெம்பிளேட்டில் பெயர், நிறம், குழுக்கள், அளவுமானிகள், ட்ராக்கிலிருந்து ரிவேர்ப் போன்றவற்றுக்குச் சத்தத்தை அனுப்பும் வெறும் சென்ட்கள் மட்டும்தான். ஈக்யூ, கொம்பிரசர், ரிவேர்ப் எதுவும் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ரிவேர்ப் போட முதல் கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும்: இந்தப் பாட்டு எங்கே நடக்கிறது? கோயில் முன்றலா, வயல்வெளியா, ராத்திரி விறாந்தையிலா, ஓடுகிற பஸ்ஸுக்குள்ளா? அந்த இடத்தில் சத்தம் எப்படி இருக்கும்? பதில் தெரியாவிட்டால் போய்க் கேளுங்கள். ரொறன்ரோப் பாட்டு என்றால் அனுப்பியவரிடமே கேளுங்கள், எங்கே இருந்து எழுதினாய் என்று. நல்ல பதில் வரும்.

படி 4: வெளியே போய்க் கேளுங்கள்

பொழுதுபட இரணைமடுக் குளக்கட்டில் போய் இருங்கள். போனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம். கிட்ட என்ன கேட்கிறது, நடுவில் என்ன, தூரத்தில் என்ன என்று மூன்றாகப் பிரியுங்கள். காலடியில் அலை கல்லில் மோதும் சத்தம், நடுவில் கொக்குகள், தூரத்தில் ஒரு ட்ராக்டர். ட்ராக்டர் ஏன் தூரத்தில் என்று தெரிகிறது? சத்தம் குறைவு என்பதற்காக மட்டும் இல்லை. அதன் உச்சத் தொனியைக் காற்று தின்றுவிட்டது, தொடக்கத்தின் கூர்மை போய்விட்டது. புதிதாக வருகிறவர்களின் மிக்ஸில் எல்லாச் சாமானும் முன்வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். இந்த மூன்று தூரத்தைக் கேட்டுப் பழகினால், கீபோர்டைக் குறைப்பதா என்று யோசிக்கும் இடத்தில் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினால் என்ன என்று கேட்கத் தொடங்குவீர்கள்.

ஏ9 வீதியில் போகும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்குமே, அந்த ஐந்து நிமிடமும் பாடம்தான். கச்சான் விற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், ஆனாலும் ஒருவருடைய குரல் தனியாக வந்து விழும். கவனித்துப் பார்த்தால் அவர் மற்றவர்களை விடச் சத்தமாகக் கத்தவில்லை. மற்றவர்கள் மூச்செடுக்கும் இடைவெளியில், அவர்களை விடக் கொஞ்சம் மேல் சுருதியில் கூப்பிடுகிறார். நெருக்கமான ட்ராக்குகளுக்குள் ஒரு குழலையோ கிட்டாரையோ கேட்கப்பண்ண, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தூக்க முதல் அந்தக் குரலை நினையுங்கள்.

வாய்த்தால் கூத்துப் பழக்கும் இடத்துக்கும் போங்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடும் அண்ணாவிமார் இன்னும் இருக்கிறார்கள். வரி தொடங்கும்போது மத்தளக்காரர் கையை அடக்கி, வரி முடியும் இடத்தில் திறந்து அடிப்பார். பிற்பாட்டுக்காரர் வரியை வாங்கும்போது அரங்கு அகலும். நாங்கள் கணினியில் கோடு கீறி ஏற்றி இறக்குவதை அவர்கள் உள்ளங்கையால் செய்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து ஒரு பாட்டின் தாளத்தைக் கையாலேயே ஃபேடரில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், பாட்டு மூச்சு விடும்.

படி 5: கிழமைக்கு ஒருநாள், நான்கு ஃபேடர்

1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிங் டப்பி என்று ஒருவர் இருந்தார். அம்ப்ளிஃபயர், வானொலி திருத்துவது அவர் தொழில். தன் சின்ன ஸ்ரூடியோவில் நான்கு ட்ராக்கில் வந்த பாட்டுகளை எடுத்து, குரலை வெட்டி, ட்ரம்ஸையும் பேஸையும் மட்டும் நிற்கவிட்டு, ஒரு சொல்லை மட்டும் எக்கோவுக்குள் எறிந்து, புதுப் பாட்டாகவே ஆக்கிவிடுவார். மிக்சரை வாத்தியமாக வாசிக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அவரிடம் இருந்ததைவிட எங்கள் மலிவு லப்டொப்பில் எத்தனையோ மடங்கு சாமான் இருக்கிறது. அதுதான் சிக்கலும்.

பயிற்சி இது. நீங்கள் முடித்துக் கொடுத்த பழைய பாட்டு ஒன்றைத் தாளம், பேஸ், மற்ற வாத்தியங்கள், குரல் என்று நான்காகச் சுருக்குங்கள். ஒரு டிலே, அடித்தொனியையோ உச்சத் தொனியையோ வெட்ட ஒரு ஃபில்டர். இருபது நிமிடம். பாட்டை ஓடவிட்டு, ஃபேடர்களைக் கையால் ஏற்றி இறக்கி அப்படியே பதிவு செய்யுங்கள். பிழைத்தால் திருத்தக் கூடாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இதை ஒருவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நான்காவது, ஐந்தாவது கிழமையில் கூலி வேலைக்குள்ளும் கை துணிவது உங்களுக்கே தெரியும்.

படி 6: முதல் கேட்பைத் திரும்பப் பிடிக்கும் வழிகள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் பாட்டு கேட்காமல் போய்விடும். அப்போது செய்யக்கூடியவை சில.

இடது வலதை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். ஹெட்போனைத் திருப்பிப் போட்டாலே போதும். பழகிய இடத்தில் பழகிய சத்தம் இல்லாததால் மூளை திரும்ப விழித்துக்கொள்ளும், ஒருபக்கம் பாரமாக இருந்தால் உடனே பிடிபடும்.

பக்கத்து அறையில் நின்று, கதவைப் பாதி சாத்திவிட்டுக் கேளுங்கள். குரல் முன்னுக்கு நிற்கிறதா இல்லையா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனையை நான் காணவில்லை.

இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி, சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் மோனோவாகக் கேளுங்கள். பெரிய ஸ்ரூடியோக்களில் ஒரே ஒரு கூம்பு உள்ள அவுராடோன் பெட்டிகளைப் பல வருடமாக வைத்திருந்தது இதற்காகத்தான். எங்களுக்குப் போனும் தெரிந்த அண்ணையின் ஓட்டோவும் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் பாட்டு மூன்று வைத்திருங்கள், மாதத்துக்கு ஒன்றை மாற்றுங்கள். வெளியிடுவதற்காக மாஸ்டர் செய்த, அதாவது கடைசி மெருகு போட்ட, பாட்டு உங்கள் மிக்ஸைவிடச் சத்தமாக இருக்கும். காதுக்கு இரண்டும் ஒரே அளவாகக் கேட்கும்வரை அதை 6, 8 டெசிபெல் குறைத்துவிட்டே ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் மனம் உடைந்துதான் போகும்.

எல்லாவற்றிலும் வலிமையான வழி, இன்னொருவரை அறைக்குள் கூப்பிடுவது. அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அம்மா தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றால் போதும், அதுவரை எனக்குக் கேட்காமலிருந்த பிழை அந்த நொடியில் கேட்கும். இரண்டாம் சரணம் நீளம் என்பதும், கீபோர்ட் எரிச்சலாக இருக்கிறது என்பதும் அவர் வாய் திறக்க முதலே விளங்கிவிடும். அவருடைய முதல் கேட்பை நாங்கள் கொஞ்சம் கடன் வாங்குகிறோம். இதை நான் பலமுறை செய்து பார்த்துவிட்டேன், ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

கடைசியில் கொப்பியைத் திறந்து முதல் நாள் எழுதிய ஐந்து வரியையும் படியுங்கள். சிலிர்த்த இடம் இன்னும் சிலிர்க்கிறதா? இல்லையென்றால் எங்கேயோ அதைத் துடைத்துவிட்டீர்கள். றஃப் மிக்ஸுக்குப் போய் அந்த இடத்தை மட்டும் கேட்டு, என்ன போனது என்று பாருங்கள்.

படி 7: திருத்தங்களுக்கு எல்லை

வேலையை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள்: இரண்டு தடவை திருத்தம், கருத்துகள் ஒருவரிடமிருந்து, எழுத்தில், பாட்டின் எந்த நிமிடம் என்று குறித்து. பாடியவர் ஒன்று, இசையமைத்தவர் ஒன்று, காசு போட்ட மாமா ஒன்று என்று வட்ஸ்அப் குரல்பதிவு வந்துகொண்டே இருந்தால் எட்டாவது திருத்தத்தில் உங்கள் காதும் போய்விடும், பாட்டும் போய்விடும். வெளிநாட்டிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு வரும் திருத்தத்தை விடிந்த பிறகு செய்யுங்கள். "நாளைக்குக் காலையில் நல்ல காதோடு செய்கிறேன் அண்ணா" என்று எழுதினால் ஒருவரும் கோபிப்பதில்லை.

படி 8: மழை மாதங்களை உங்களுக்கு வையுங்கள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பினால் கோயில் வேலை குறையும். கையில் காசும் குறையும், ஆகவே ஆவணிக்குள் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அந்த மாதங்களில் இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, பழைய மிக்ஸ் ஒன்றைத் திறந்து, ஒன்றும் பார்க்காமல் புதிதாகத் தொடங்குவது. ஒரு வருடம் கழித்துக் கேட்கும்போது அது கிட்டத்தட்ட முதல் கேட்புத்தான்.

மற்றது, பதிவு செய்யப் போவது. எங்கள் வீட்டில் இருந்த கசெற்றுகள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன, 2009 க்குப் பிறகு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. பல வீடுகளில் இதே கதைதான். ஆனால் அருவி வெட்டுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த அம்மம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டு அவர்களுடையது, ஆகவே முதலில் சம்மதம் கேளுங்கள், பிரதி ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். இரண்டு மைக் கொண்டு போங்கள். ஒன்றை அவர் நெஞ்சுக்கு நேரே ஒரு முழம் தள்ளி, மற்றதை அறை மூலையில் கூரையைப் பார்த்தபடி. ஓட்டில் மழை விழுந்தால் நிறுத்த வேண்டாம். இடையில் பாட்டை மறந்து அவர் வேறு கதை சொல்லத் தொடங்கினாலும் பதிவு ஓடட்டும். வீட்டுக்கு வந்து அதைத் திறக்கும்போது ஈக்யூ எதுவும் போடாமல், இரண்டு ஃபேடரை மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு அறை வேண்டும், எவ்வளவு அம்மம்மா வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.